நாமா, நாங்களா?

சில வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை நான் அனுப்பிய மின்னஞ்சலில் இப்படி ஒரு வரி இருந்தது: நாளை இரவு மைக்ரேஷனைத் தொடங்குவதற்கு முன்னால் நாம் ஒரு பேக்கப் எடுத்துவிட வேண்டும். எழுதியது ஆங்கிலத்தில். ஆகவே 'நாம்' வரவேண்டிய இடத்தில் 'வீ' இருந்தது.

பேக்கப் எடுக்கும் அனுமதி சென்னையில் எங்கள் யாரிடமும் கிடையாது. புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் அமெரிக்காவில், வாடிக்கையாளரின் ஆட்கள் கையில். எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் பணம் கொடுக்கிறவரிடம் போய் "நீங்க எடுங்க" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நம்மூரில் யாருக்கு வரும்? மேனேஜரிடம் "சார், நாம இதை இன்னிக்கே முடிச்சிரலாம்" என்கிறோம். முடிக்க வேண்டியவர் அவர் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்த 'நாம' ஒரு மரியாதை. சுமையை அவர் தலையில் ஏற்றும்போது நாமும் ஒரு கை கொடுப்பதுபோல ஒரு பாவனை.

அந்தப் பக்கம் இருந்தவர் 'வீ' என்பதை 'நாங்கள்' என்று படித்தார். சரி, சென்னைக்காரர்கள் எடுத்துவிடுவார்கள். அவர் படித்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. யாரும் பேக்கப் எடுக்கவில்லை. மைக்ரேஷன் பாதியில் முறிந்தது. தேடியபோது கிடைத்தது புதன்கிழமை காப்பி. நடுவில் இருந்த இரண்டு நாள் பதிவுகளை லாக் கோப்புகளிலிருந்து தோண்டியெடுத்துத் திரும்ப ஏற்றி முடிக்க ஞாயிறு இரவு ஆகிவிட்டது.

திங்கட்கிழமை ஆர்.சி.ஏ. எழுதினார்கள். யார் எதைச் செய்வது என்று பெயர் போட்ட செக்லிஸ்ட் இல்லாததுதான் முதல் காரணம். அதை அந்த வாரமே சரிசெய்தோம், அதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவது காரணம் என்று ஒரு வரி இருந்தது: தகவல்தொடர்பு இடைவெளி, பண்பாட்டு வேறுபாடு. தீர்வு: சென்னைக் குழுவுக்கு இரண்டு நாள் பண்பாடுகளுக்கிடையிலான தகவல்தொடர்புப் பயிற்சி. அமெரிக்கக் குழுவுக்கு என்ன பயிற்சி என்ற கட்டத்தில் 'நாட் அப்ளிக்கபிள்' என்று இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கட்டத்தைப் பற்றியது.

பயிற்சி என்னவோ கலகலப்பாகத்தான் நடந்தது. வட்டமாக நாற்காலி, கலர் கலராக ஒட்டும் தாள்கள், பிஸ்கட். நடத்திய அம்மணி சென்னைக்காரர், பல வருடம் கால்சென்டர்களில் உச்சரிப்புப் பயிற்சி கொடுத்தவர். முதல் ஸ்லைடில் ஒரு பட்டை வரைபடம். 'அதிகார இடைவெளி' என்ற அளவுகோலில் இந்தியா 77, அமெரிக்கா 40. ஆகவே நீங்கள் மேலே இருப்பவரிடம் நேரடியாகப் பேசப் பயப்படுகிறீர்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அந்தத் தலையாட்டலுக்கே அடுத்த ஸ்லைடில் ஒரு எச்சரிக்கை இருந்தது வேறு விஷயம்.

அந்த 77 எங்கிருந்து வந்தது என்று அன்றிரவே தேடிப் பார்த்தேன். கெர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களிலிருந்து கணக்கிட்டது. ஒரே நிறுவனம், அதன் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். மொத்தம் பெரியதாகத் தெரிந்தாலும் நாடுவாரியாகப் பிரித்தால் சில இடங்களில் கை விரல்விட்டு எண்ணும் நிலைமை. பாகிஸ்தானில் முதல் சுற்றில் பதில் எழுதியவர்கள் 37 பேர் என்று பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் இதை விமர்சித்து எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். நான் பிறப்பதற்கு முன்பு ஒரு அலுவலகத்தில் நிரப்பிய படிவங்களை வைத்து, நான் ஏன் வியாழக்கிழமை அப்படி ஒரு வரி எழுதினேன் என்று விளக்குகிறார்கள். கிளி ஜோசியம் பரவாயில்லை, அதில் கிளியாவது உயிரோடு இருக்கும்.

இந்தத் துறை பிறந்த கதை இன்னும் வேடிக்கையானது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கா தன் அதிகாரிகளையும் தொழில்நுட்ப ஆலோசகர்களையும் உலகெங்கும் அனுப்பியது. போன இடத்திலெல்லாம் அவர்களுக்கு ஆட்களைப் புரியவில்லை. எட்வர்ட் டி. ஹால் என்ற மானுடவியலாளர் 1950களின் முதல் பாதியில் அமெரிக்க வெளியுறவுத்துறையின் பயிற்சி நிறுவனத்தில் அவர்களுக்குப் பாடம் எடுத்தார். எவ்வளவு தள்ளி நிற்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, மௌனத்துக்கு என்ன பொருள். 1959இல் வந்த அவருடைய 'தி சைலன்ட் லாங்குவேஜ்' அந்த அனுபவத்திலிருந்து விளைந்தது. அதாவது இந்தப் பாடத்தின் முதல் மாணவர்கள் அமெரிக்கர்கள். வெளியூர் போகிறவன் அந்த ஊரைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற சாதாரண நியாயம்தான். அறுபது எழுபது வருடத்தில் நாற்காலி எப்படியோ திரும்பிவிட்டது. நான் தரமணியில், என் ஊரில், என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கேயும் போகவில்லை. பாடம் எனக்கு.

சரி, பாடத்தில் என்னதான் இருந்தது?

"இந்தியர்கள் 'ப்ளீஸ்' சொல்வதில்லை" என்பது இரண்டாம் நாளின் முதல் ஸ்லைடு. 'கிவ் மீ த ஃபைல்' என்று எழுதுகிறீர்கள், அது முரட்டுத்தனமாக ஒலிக்கிறது, உங்கள் பண்பாட்டில் கட்டளையிடுவது இயல்பு, ஆகவே மாற்றிக்கொள்ளுங்கள். முந்தைய நாள்தான் மேலே இருப்பவரிடம் பேசப் பயப்படுகிறவர்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒரே ராத்திரியில் கட்டளையிடுகிறவர்களாகிவிட்டோம்.

இதில் பண்பாடு எங்கே வந்தது? வினைச்சொல்லைப் பாருங்கள். 'ஃபைல் குடு' என்று நான் யாரிடமும் அலுவலகத்தில் சொல்வதில்லை. 'ஃபைல் குடுங்க' என்கிறேன். தேவைப்பட்டால் 'அந்த ஃபைலைக் கொஞ்சம் குடுங்களேன்'. அந்த 'ங்க'தான் என் ப்ளீஸ். 'கொஞ்சம்' இன்னொரு ப்ளீஸ், அங்கே அது அளவைக் குறிப்பதில்லை. கொஞ்சம் ஃபைல் கொடுத்து மீதியை வைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்பதில்லை. 'ஏன்' என்ற ஈறு மூன்றாவது. 'தயவுசெய்து' என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு, ஆனால் அது அறிவிப்புப் பலகைக்கும் ரயில்வே ஒலிபெருக்கிக்கும். பக்கத்து மேசைக்காரரிடம் 'தயவுசெய்து ஃபைல் கொடுங்கள்' என்றால் ஏதோ சண்டை என்று நினைப்பார். தமிழில் பணிவு வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த வாலை ஒட்டிவைக்க அங்கே இடமில்லை. வால் அறுந்து 'கிவ்' மட்டும் போய்ச் சேருகிறது. இது முரட்டுத்தனம் இல்லை, பாதி வழியில் தொலைந்துபோன ஒரு விகுதி.

'சார்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். ஆங்கிலத்தில் வினையில் இடம் கிடைக்காத 'ங்க' கடைசியில் 'சார்' என்று வந்து உட்காருகிறது. பயிற்சியில் இதற்குச் சொன்ன விளக்கம்: காலனிய மனோபாவம், மேல்கீழ்ப் புத்தி. எங்கள் ஊரில் கண்டக்டர் பயணியைப் பார்த்து 'சார், டிக்கெட்' என்கிறார். பயணி கண்டக்டரைப் பார்த்து 'சார், ஒரு சைதாப்பேட்டை' என்கிறார். இதில் யார் மேல், யார் கீழ்?

அப்புறம் 'டவுட்'. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் டவுட் என்றால் கேள்வி. சந்தேகம் கேட்கிற பையன் நல்ல பையன், வாத்தியாருக்குப் பிடித்த பையன். 'ஐ ஹாவ் எ டவுட்' என்று அமெரிக்கரிடம் சொன்னால், நீ சொல்வதை நான் நம்பவில்லை என்று அவர் காதில் விழுகிறது. அதேபோல போனை எடுத்தவுடன் 'சொல்லுங்க' என்போம். எவ்வளவு கனிவான சொல் அது, உனக்காகத்தான் இருக்கிறேன், ஆரம்பி என்று பொருள். அதையே 'டெல் மீ' என்றால் விசாரணை அதிகாரி மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. ஜென்னி தாமஸ் என்ற மொழியியலாளர் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வகைத் தவறுகளை இரண்டாகப் பிரித்தார். ரஷ்யர்கள் ஆங்கிலம் பேசும்போது 'ஆஃப் கோர்ஸ்' என்று அடிக்கடி சொல்வது அவருடைய உதாரணங்களில் ஒன்று. ரஷ்ய மொழியில் அந்த இடத்தில் வரும் சொல் மனமார்ந்த 'ஆமாம்'. ஆங்கிலத்தில் அது 'இதுகூடத் தெரியாதா' என்று ஒலிக்கிறது. இது ஒரு வகை: சொல்ல நினைத்தது சரி, தூக்கிவந்த சொல் தவறான எடையோடு வந்து இறங்கியது. இன்னொரு வகை: யாரிடம் எதைக் கேட்கலாம், யாருக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும், எது அந்தரங்கம் என்ற முடிவுகளே வேறுபடுவது. முதல் வகையை இலக்கணம் மாதிரி சொல்லிக் கொடுத்துவிடலாம், கற்பவரும் நன்றியோடு வாங்கிக்கொள்வார். இரண்டாவதில் கை வைத்தால் அது அவருடைய மனுஷத்தனத்தில் கை வைப்பது. அங்கே வித்தியாசம் இருக்கிறது என்று காட்டலாம், எப்படி நடந்துகொள்வது என்பதை அவரிடமே விட்டுவிட வேண்டும்.

நம் பயிற்சிகள் செய்வது நேர் தலைகீழ். முதல் வகையை எடுத்து இரண்டாவது வகையின் சட்டையை மாட்டிவிடுகின்றன. அறுந்துபோன ஒரு விகுதியைப் பற்றி ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதை, 'உங்கள் பண்பாடு' என்று இரண்டு நாள் இழுக்கிறார்கள். அதைக் கேட்கிறவன் தன் மொழியில் ஒரு சின்னத் திருத்தம் என்று எடுத்துக்கொள்வதில்லை. தன் வீட்டிலேயே, தன் அம்மா பேசுவதிலேயே ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்கிறான்.

இதற்கு விலை இருக்கிறது. எங்கள் குழுவில் அப்போது சேர்ந்து ஏழு மாதமான ஒரு பெண் இருந்தாள். பண்ருட்டிப் பக்கம், வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். கோடு படிப்பதில் எங்கள் எல்லோரையும்விடக் கூர்மை. அழைப்புகளில் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள், அந்தக் கேள்விகளால் இரண்டு முறை பெரிய சிக்கல்களிலிருந்து தப்பித்திருக்கிறோம். பயிற்சியின் நாடகப் பகுதியில் அவளை வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல நடிக்கச் சொன்னார்கள். வழக்கம்போல 'ஐ ஹாவ் எ டவுட்' என்று ஆரம்பித்தாள். மதிப்பீட்டுத் தாளில் 'ரூட்' என்று எழுதி எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். அதற்குப் பிறகு அழைப்புகளில் அவள் மைக் மூடியே இருந்தது. சாட்டில் எனக்குத் தனியாக எழுதுவாள், "அண்ணா, இதை நீங்க கேளுங்களேன்." நான் கேட்பேன். பாராட்டு எனக்கு வரும். வருடக் கடைசியில் அவளுடைய அப்ரைசலில் 'முன்முயற்சி போதாது' என்று இருந்தது. அடுத்த மார்ச்சில் வாடிக்கையாளரோடு பேசத் தேவையில்லாத ஒரு டெஸ்டிங் குழுவுக்கு மாற்றிக் கேட்டுப் போய்விட்டாள்.

பேசச் சொல்லிக்கொடுப்பதற்கான பயிற்சி ஒரு ஆளின் வாயை மூடியது. நான் அவளுக்காக அப்போது எதுவும் பேசவில்லை, பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பயிற்சியாளர் மேல் எனக்குக் கோபமில்லை. தேநீர் இடைவேளையில் அவரே சொன்னார், "எனக்கு மட்டும் தெரியாதா சார், எங்க வீட்ல நானே போனை எடுத்தா 'சொல்லுங்க'ன்னுதான் சொல்றேன். தமிழ்ல ரெண்டு வார்த்தை சொன்னா உங்களுக்கு டக்குனு புரிஞ்சிரும். ஆனா கிளாஸ்ல தமிழ் பேசக் கூடாதுன்னு ரூல். ஸ்லைடும் மேலேருந்து வருது." அவருக்குத் தெரிந்திருந்தது, சொல்ல அனுமதியில்லை. தமிழ் தெரிந்த ஆசிரியர், தமிழ் தெரிந்த மாணவர்கள். நடுவில் தமிழ் மட்டும் வெளியே நிற்க வேண்டும். நான் படித்த கல்லூரியில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம். அந்தப் பத்து ரூபாயின் நீட்சிதான் இது. கற்பவரின் மொழியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அந்த மொழியிலிருந்து இந்த மொழிக்கு வரும் வழியில் எது தொலைகிறது என்று எப்படிக் காட்ட முடியும்?

இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் எரிச்சல் அதிகம். ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் பதிவுசெய்த ஒரு சம்பவம். பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தில் ஊழியர் உணவகம். பரிமாறும் வேலைக்கு இந்திய, பாகிஸ்தானியப் பெண்களைப் புதிதாக எடுத்திருந்தார்கள். இவர்கள் சிடுசிடுப்பானவர்கள், ஒத்துழைக்க மாட்டார்கள் என்று மேற்பார்வையாளர்களும் சாப்பிட வரும் தொழிலாளர்களும் புகார் சொன்னார்கள். அந்தப் பெண்களோ எங்களை இனம் பார்த்து நடத்துகிறார்கள் என்றார்கள். ஒலிப்பதிவு செய்து கேட்டால் விஷயம் ஒரே ஒரு சொல்லில் இருந்தது: 'கிரேவி'. இறைச்சிக்கு மேல் குழம்பு வேண்டுமா என்று கேட்கும்போது ஆங்கிலேயப் பெண்கள் அந்தச் சொல்லின் முடிவில் குரலை ஏற்றினார்கள். வந்தவர்கள் இறக்கினார்கள். ஏற்றினால் 'ஊற்றட்டுமா?', இறக்கினால் 'இது கிரேவி, இஷ்டமிருந்தால் எடு'.

நம்மூர்க் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். வாளியோடு வருகிறவர் 'ரசம்... ரசம்...' என்று ஒரே தொனியில் சொல்லிக்கொண்டு போகிறார். எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. பந்தியில் கோபித்துக்கொள்ள நமக்கு வேறு ஆயிரம் காரணம் உண்டு.

கம்பர்ஸ் சொல்வதில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்தது. ஒலிப்பதிவைப் பெண்களுக்கும் போட்டுக் காட்டினார்கள், மேற்பார்வையாளர்களையும் பேச்சுக்குள் கொண்டுவந்தார்கள். பெண்களுக்கு ஏன் எல்லோரும் தங்களிடம் முகம் சுளித்தார்கள் என்று விளங்கியது. மேற்பார்வையாளர்களுக்கு, இறங்கும் அந்தக் குரல்தான் இவர்கள் ஊரில் கேட்கும் முறை, அதில் சிடுசிடுப்பு ஏதும் இல்லை என்று விளங்கியது. இரண்டு பக்கமும் ஒரே நாடாவைக் கேட்டது. 1970களில் பிரிட்டனில் தொழிற்சாலைகளுக்குள்ளேயே குடியேறிகளுக்கு ஆங்கிலம் கற்பித்த அமைப்புகள் மேற்பார்வையாளர்களுக்கும் தொழிற்சங்கத்துக்காரர்களுக்கும் சேர்த்தே வகுப்பு எடுத்தன. 1979இல் பிபிசி இதை வைத்து 'கிராஸ்டாக்' என்று ஒரு நிகழ்ச்சியே ஒளிபரப்பியது. அந்தக் கட்டத்தில் 'நாட் அப்ளிக்கபிள்' என்று யாரும் எழுதவில்லை.

எங்கள் பயிற்சியில் ஒரு விமான விபத்தையும் சொன்னார்கள். மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய 'அவுட்லையர்ஸ்' வந்ததிலிருந்து இந்தக் கதை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சுற்றுகிறது. 1990 ஜனவரி 25, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52. மோசமான வானிலை, ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றவிட்டார்கள். எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். கேப்டன் 'எமர்ஜென்சி என்று சொல்' என்கிறார். துணை விமானி கட்டுப்பாட்டு அறையிடம் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்கிறார், 'எமர்ஜென்சி' என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. பாடம் என்ன? கொலம்பியாவிலும் அதிகார இடைவெளி அதிகம், பணிந்து பேசிச் செத்தார்கள், நீங்களும் அப்படித்தான்.

விபத்து விசாரணை அறிக்கை விமானிகள் மேல் பழி வைக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் காரணங்களில் சேர்க்கிறது: எரிபொருள் குறைவு, எரிபொருள் அவசரநிலை ஆகியவற்றைச் சொல்ல எல்லோருக்கும் ஒரே பொருள் தரும் சொற்கள் வரையறுக்கப்படவில்லை என்பது. விமானத் துறை பிறகு செய்தது கொலம்பியர்களின் பண்பாட்டை மாற்றுவதல்ல. சொற்களை வரையறுத்தார்கள். 'மினிமம் ஃப்யூவல்' என்றால் இது, 'மேடே ஃப்யூவல்' என்றால் இது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் திறனுக்கு ஆறு படிகள் கொண்ட அளவுகோலை ஏற்றது, 2008 மார்ச் முதல் அமலுக்கு வந்தது. குறைந்தது நான்காம் படி. அதற்கான கையேடு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் கடமை வைக்கிறது: மரபுத்தொடரைத் தவிர், நிதானமாகப் பேசு, அடுத்தவருக்குப் புரிந்ததா என்று பார். உயிர் போகும் இடத்தில் சுமை இரண்டு பக்கமும் ஏற்றப்படுகிறது. டேட்டாபேஸ் போகும் இடத்தில் ஒரு பக்கம் போதும் என்று எப்படி முடிவானது?

பணம் அவர்கள் கொடுக்கிறார்கள், ஆகவே மொழியும் அவர்கள் இஷ்டம் என்று என் மேனேஜர் சொன்னார். யதார்த்தவாதிகள் எப்போதும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் தொலைந்த இரண்டு நாள் பதிவுகள் யாருடையவை? அவர்களுடையவைதான். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக்கூடும் என்று அவர் பக்கத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் 'யார் எடுப்பது?' என்று இரண்டு வார்த்தையில் பதில் போட்டிருப்பார். அந்த வார இறுதி அவர்களுக்கும் மிச்சமாகியிருக்கும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும். இலக்கியக் கூட்டங்களில் இதைப் பேசினால் உடனே ஒருவர் எழுந்து, நாம் ஏன் மாற வேண்டும், வெள்ளைக்காரன் நம்மைக் கற்றுக்கொள்ளட்டும் என்பார். கைத்தட்டலும் கிடைக்கும். எனக்கு இது சோம்பேறித்தனமாகப் படுகிறது. பண்ருட்டிப் பெண்ணுக்கு இந்தக் கைத்தட்டலால் என்ன பிரயோஜனம்? 'டவுட்' அந்த ஊரில் வேறு பொருள் தரும், 'க்வெஸ்சன்' என்று சொல் என்று தமிழில் ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு மாற்றிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். அவள் ஒன்றும் மாறியிருக்க மாட்டாள். அவள் கேள்வி போய்ச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

தவிர, மொழி கற்க நம்மிடம் வருகிறவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? என் பக்கத்து இருக்கைக்கு புவனேஸ்வரிலிருந்து ஒருவர் வந்தார். தமிழ் கற்க ஆசை. கடையில் ஒரு புத்தகம் வாங்கினார். அது 'நான் உணவு உண்டேன்' என்று ஆரம்பித்தது. அதை அவர் ஆட்டோக்காரரிடம் முயன்று பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டு எங்களிடம் கேட்டுக் கற்கத் தொடங்கினார். நாங்கள் எங்களுக்குள் பேசுவதுதான் அவருக்குப் பாடம்: வாடா, குடு, போடா. ஒருநாள் கேன்டீனில், அறுபது வயது அக்காவிடம் போய் முகமலர்ச்சியோடு, "அக்கா, டீ குடு" என்றார். அந்த அக்கா டீயைக் கொடுத்தார், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் நான்கு பேர் பின்னால் நின்று விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவர் மூன்று மாதம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒடியாவில் 'து', 'துமே', 'ஆபண' என்று மூன்று படி இருக்கிறது. 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு ஒரு நொடி விஷயம். எங்களில் ஒருவரும் அந்த ஒரு நொடியைச் செலவழிக்கவில்லை. அவர் தப்பாகப் பேசுவது எங்களுக்குப் பொழுதுபோக்காக இருந்தது. கடைசியில் அந்த அக்காவே ஒருநாள், "தம்பி, 'குடுங்க'ன்னு சொல்லணும்ப்பா" என்று சொல்லிக்கொடுத்தார். அவர் முகம் சிவந்துபோனது. அக்காவிடம் அல்ல, எங்களிடம்தான் ஒரு வாரம் பேசவில்லை. சித்தாள் வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்களுக்கு இந்த அக்கா மாதிரி ஒருவர் அமைந்தால் உண்டு. அமையாவிட்டால் மரியாதை தெரியாத வடக்கன் என்று முடித்துவிடுவோம். அவனுக்கும் ஒரு ஸ்லைடு தயார், பட்டை வரைபடம் மட்டும்தான் பாக்கி.

என்னிடம் ஏதாவது அதிகாரம் இருந்தால், அந்த இரண்டு நாள் பயிற்சியை அரை நாளாக்கி, நிஜமான அழைப்புகளின் ஒலிப்பதிவைப் போட்டு, இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துக் கேட்கச் செய்வேன். எங்கே பேச்சு தடுக்கியது என்று அவர்களே நிறுத்திக் காட்டட்டும். நம் பக்கத்து விளக்கத்தைத் தமிழில் பேசி முடித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போகலாம். நாடுகளுக்கு எண் போட்ட ஸ்லைடுகளை அழித்துவிடுவேன். இதற்கெல்லாம் அதிகாரம் இல்லாததால் கைக்கு எட்டியதைச் செய்தேன்.

பயிற்சி முடிந்து சில மாதம் கழித்து அந்த அமெரிக்கரோடு வழக்கமான அழைப்பு. மற்றவர்கள் சேரக் காத்திருந்த நேரத்தில், அந்த வியாழக்கிழமை மின்னஞ்சலைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். தமிழில் 'வீ'க்கு இரண்டு சொல் உண்டு, 'நாம' என்றால் நீயும் சேர்த்தி, 'நாங்க' என்றால் நீ இல்லை. தெலுங்கிலும் மலையாளத்திலும்கூட அப்படித்தான். நான் அன்று எழுதியது முதலாவது, நீங்கள் படித்தது இரண்டாவது. இரண்டையும் மரியாதைக்காகப் போட்டுக் குழப்புவதும் எங்கள் வழக்கம், அது என் தப்பு. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, இது எங்கள் மொழியிலும் இருந்தால் என் வீட்டில் பாதிச் சண்டை குறைந்திருக்கும் என்றார். யார் குப்பையை வெளியே வைப்பது என்பதில் அவருக்கும் மனைவிக்கும் ஏதோ நெடுநாள் வழக்காம்.

அதிலிருந்து நான் 'வீ' எழுதினால் சில சமயம் 'நாமா ஆர் நாங்கா?' என்று பதில் வரும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவார், நான் திருத்துவேன். பண்ருட்டிப் பெண் அதற்குள் அந்தக் குழுவில் இல்லை. போன டிசம்பரில் அடுத்த மைக்ரேஷன். செக்லிஸ்டில் பெயர் போட்டுத்தான் இருந்தது, இருந்தாலும் முந்தைய நாள் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: பேக்கப் 'நாங்கா' எடுத்துவிடுகிறோம். சரியாகத்தான் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு லாகினில் போய்ப் பார்த்தேன், எடுத்திருந்தார்கள்.